கெட் இன், கெட் ஆன்

தமிழில் காரிலும் ஏறுகிறோம், பேருந்திலும் ஏறுகிறோம். ஆங்கிலத்திலோ காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் இன்’, பேருந்துக்கும் ரயிலுக்கும் ‘கெட் ஆன்’ என்று வினை பிரிந்து நிற்கிறது. உள்ளே எழுந்து நடமாட இடமுள்ள வண்டி என்றால் பெரும்பாலும் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற வண்டி என்றால் ‘இன்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏற்காடு ஏரியின் துடுப்புப் படகுக்கு ‘இன்’, கடலில் போகும் கப்பலுக்கு ‘ஆன்’. பைக்கும் சைக்கிளும் ‘ஆன்’ பக்கம்தான்.

சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குவது ‘கெட் ஆஃப்’, காரை விட்டு இறங்குவது ‘கெட் அவுட்’. ஆனால், பேருந்தில் முன்னால் நிற்பவரிடம் வெறுமனே ‘கெட் அவுட்’ என்றால் அது ‘வெளியே போ’ என்ற அதட்டலாகவே விழும். சேலத்தின் ஐந்து ரோடு நிறுத்தத்தில் இறங்குகிறீர்களா என்று கேட்க, ‘ஆர் யூ கெட்டிங் ஆஃப்’ என்பதே சரியான, மரியாதையான வினா.