மஞ்சளாகிப்போன அஸ்கார்பேட்

மூன்று நாள் உழைப்பு. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடுகூட ஒளிரவில்லை. ஒளிரும் சாயத்தைப் புரதத்தில் கிளிக் வினையால் ஒட்டப் பார்த்தேன்: அசைடும் (மூன்று நைட்ரஜன் கோத்த தொகுதி) அல்கைனும் (கார்பன் முப்பிணைப்பு) காப்பர் உதவியால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வினை அது. புரதத்தில் அசைடு ஏற்றியாயிற்று, சாயத்தில் அல்கைன் இருக்கிறது, காப்பர் சல்பேட்டும் போட்டேன். அப்புறம்தான் சோடியம் அஸ்கார்பேட் குப்பியைப் பார்த்தேன். போன வாரம் கரைத்தது, வெளிர் மஞ்சளாகிக் கிடந்தது. காப்பர்-இரண்டை, வினையைத் தூண்டும் காப்பர்-ஒன்றாக மாற்றுவதே அதன் வேலை. அது கெட்டுப்போனால் கிளிக் எங்கிருந்து நடக்கும்?

ஆறுதலுக்கு ஒன்று நினைத்துக்கொண்டேன். இந்த வினையே எதிர்பாராமல் கிடைத்ததுதான். டென்மார்க்கில் வேதியியலாளர் மோர்டன் மெல்டால் அல்கைனை அசைல் ஹாலைடு என்ற சேர்மத்தோடு சேர்க்கப் பார்த்தார். அல்கைனோ அந்த ஹாலைடு மூலக்கூறின் மறுமுனையில் இருந்த அசைடைப் பிடித்துக்கொண்டு டிரையசோல் என்ற வளையமாகிவிட்டது! இன்னொரு வேதியியலாளர் பேரி ஷார்ப்லெஸும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். இருவர் கட்டுரைகளும் வந்தது 2002இல்.

ஆனால் எனக்கு மலைப்பு வேதியியலாளர் கரோலின் பெர்டோசியின் வேலையில்தான். காப்பர் உயிருள்ள செல்லுக்கு நஞ்சு. அவர் அல்கைனை எட்டுக் கார்பன் வளையத்துக்குள் வளைத்து அடைத்தார். நேராக இருக்க வேண்டிய முப்பிணைப்பு, நாணேற்றிய வில் மாதிரி விறைத்து நிற்கும். அசைடைக் கண்டதும் பாயும். காப்பரே வேண்டாம். 2004இல் அதை உயிருள்ள செல்லின் மேற்பரப்பிலேயே செய்து காட்டினார். 2022 வேதியியல் நோபல் மூவருக்கும். ஷார்ப்லெஸுக்கு அது இரண்டாவது (சிலருக்கு மட்டும் எப்படியோ!).

சரி, புது அஸ்கார்பேட் கரைத்தாயிற்று. ஜெல் ஓடிக்கொண்டிருக்கிறது.