மலிவான க்ளிக் யாருக்கு வேண்டும்?

கூகுள் தேடல் விளம்பரக் கணக்கு ஒன்று கைக்கு வரும்போது கூடவே வரும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "சிபிசியைக் குறைத்துக் கொடுங்கள்." அதாவது, ஒரு க்ளிக்குக்கு ஆகும் சராசரிச் செலவு. சரி என்று கேட்டுக்கொள்வேன், ஆனால் பிட்டில், அதாவது ஒரு க்ளிக்குக்கு ஏலத்தில் நாம் கேட்கும் விலையில், உடனே கை வைக்க மாட்டேன். முதலில் திறப்பது, எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் வந்தது என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத்தான். இந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கணக்கில் போட்டு வைத்திருக்கும் கீவேர்டு வேறு, தேடியவர்கள் உண்மையில் தட்டிய சொற்கள் வேறு. பணம் ஒழுகுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கணக்கு எழுதும் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன். கீவேர்டு 'அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்', பிராட் மேட்ச்; அதாவது தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் விளம்பரம் வரும். ரிப்போர்ட்டைத் திறந்தால் 'அக்கவுண்டிங் கோர்ஸ்', 'அக்கவுண்டிங் ஜாப்ஸ்', 'சாஃப்ட்வேர் கிராக் டவுன்லோட்' என்று வரிசையாக நிற்கிறது. போட்டி நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடியவர்களும் இருந்தார்கள். இவர்கள் ஏற்கெனவே வேறொரு மென்பொருளை வாங்கி, அது மக்கர் செய்கிற கடுப்பில் தேடுபவர்கள். மேலே இருக்கிற முதல் முடிவைப் பெயர்கூடப் பார்க்காமல் தட்டி, போன் போட்டுத் திட்டுவார்கள். க்ளிக்குக்குக் காசு கொடுத்து, வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தேடல்களில் பெரும்பாலானவற்றுக்குப் போட்டியே கிடையாது; க்ளிக் மலிவு. அதனால்தான் சராசரி சிபிசி அதுவரை பார்க்க அழகாக இருந்தது. அவற்றையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இந்தத் தேடலுக்கு வராதே என்ற தடையாக, போட்டதும் சிபிசி ஏறியது, ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு இறங்கியது. முதலாளிக்கு இதைப் புரியவைப்பதுதான் உண்மையான வேலை. குறைத்துக் கொடுங்கள் என்று கேட்ட எண்ணே கூடியிருக்கும்போது, நல்லது நடந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து என் மாத அறிக்கையில் சிபிசி கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

நெகட்டிவ் கீவேர்டு போடுவதிலும் நிதானம் வேண்டும். கூட இருந்த ஒருவர் உற்சாகத்தில் 'ஃப்ரீ' என்ற ஒற்றைச் சொல்லை மொத்தக் கணக்குக்கும் தடை செய்தார். 'ஃப்ரீ டிரையல்' தேடி வந்தவர்கள் அன்றே நின்றுபோனார்கள். வாங்கும் உத்தேசத்தோடு வருகிறவர்களே அவர்கள்தான். 'ஃப்ரீ டவுன்லோட்' என்று இரண்டு சொற்களாக, அதே வரிசையில் வந்தால் மட்டும் தடுக்கும் ஃப்ரேஸ் மேட்சில் தடுத்திருந்தால் போதும். இன்னொன்று, சாதாரண கீவேர்டுக்கு இணைச்சொல், ஒருமை பன்மை எல்லாவற்றையும் கூகுளே சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. 'ஜாப்' என்று தடுத்தால் 'ஜாப்ஸ்' உள்ளே வந்துவிடும், இரண்டையும் எழுத வேண்டும். 2018-ல், எழுதிய சொல்லுக்கு மட்டும் என்று தொடங்கிய எக்ஸாக்ட் மேட்சே 'அதே அர்த்தம்' என்ற அளவுக்குத் தளர்ந்தது. 2021-ல், குறித்த சொல் தேடலில் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்த பிராட் மேட்ச் மாடிஃபையர் விடைபெற்றது. வாசல் இப்படி அகலமாகிக்கொண்டே போக, காவலுக்கு மிஞ்சியது நெகட்டிவ் பட்டியல்தான்.

பிட்டைக் கூட்டாமலே மேலே வர ஒரு வழி உண்டு. 1998-ல் கோடூ.காம் என்ற தேடுதளம் இந்த விளம்பர இட ஏலத்தைத் தொடங்கியபோது, அதிகம் கொடுப்பவருக்கு மேலிடம், அவ்வளவுதான். 2002-ல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் க்ளிக் கட்டணத்துக்கு மாறியபோது, விளம்பரத்தை எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்பதையும் பிட்டோடு சேர்த்துக்கொண்டது. பழைய பாடக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒருவர் பிட் 40, தரம் 4, பெருக்கினால் 160. இன்னொருவர் பிட் 30, தரம் 8, பெருக்கினால் 240. இரண்டாமவர் மேலே நிற்பார். அவர் கொடுப்பதோ 30 அல்ல, கீழே உள்ளவரைத் தாண்டத் தேவையானது மட்டும்: 160-ஐ 8-ஆல் வகுத்தால் 20, அதற்கு மேல் ஒரு துளி. இன்றைய ஏலத்தில் தேடும் இடம், நேரம், கருவி என்று பலவும் நுழைந்துவிட்டன. தரத்துக்குக் கூகுள் தரும் மதிப்பெண்ணாகத் திரையில் 1 முதல் 10 வரை தெரியும் குவாலிட்டி ஸ்கோர் நோய் காட்டும் கருவி மட்டுமே, ஏலத்தில் நேரடியாகச் சேராது. ஆனாலும் தர்க்கம் மாறவில்லை. தேடியதற்குப் பதில் சொல்லும் விளம்பரமும், விளம்பரம் சொன்னதையே முதல் திரையில் காட்டும் லேண்டிங் பேஜும் (தட்டியதும் திறக்கும் பக்கம்) இருந்தால் செலவு குறையும். எல்லா விளம்பரத்தையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்பிவிட்டு ஸ்கோர் ஏறவில்லையே என்று வருந்தி என்ன பயன்?

கணக்குத் தொடங்கும்போது தானாக டிக் ஆகியிருப்பவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தேடல் கேம்பெய்னுக்குள், மற்ற தளங்களில் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் சேர்ந்திருக்கும். 'இந்த ஊரில் இருப்பவர்கள்' என்று நாம் நினைத்தது 'இந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்கள்' என்பதையும் சேர்த்து வைத்திருக்கும்.

இதையெல்லாம்விட ஆழமான ஓட்டை கன்வெர்ஷன் எண்ணிக்கையில், அதாவது க்ளிக் செய்தவர்கள் நாம் விரும்பியதைச் செய்து முடித்த எண்ணிக்கையில், இருக்கும். நான் பார்த்த ஒரு கணக்கில், தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒரு கன்வெர்ஷன் என்று பதிவாகிக்கொண்டிருந்தது. படிவத்தை நிரப்பவே வேண்டாம். ஒரே ஆள் திரும்பத் திரும்பத் திறந்தால் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு, ஏனென்றால் எண்ணும் முறை 'ஒன்று' என்பதற்குப் பதில் 'ஒவ்வொன்றும்' என்று இருந்தது. மனிதர்கள் பிட் போட்ட காலத்தில் இது வெறும் தப்பான அறிக்கை. இப்போது, ஒரு கன்வெர்ஷனுக்கு இவ்வளவு செலவு என்று சொன்னால் பிட்டைத் தானே போடும் டார்கெட் சிபிஏ போன்ற தானியங்கி முறைகள் இந்த எண்ணை வைத்துத்தான் கற்றுக்கொள்கின்றன. பக்கத்தைத் திறப்பவர்கள் வேண்டும் என்று சொன்னால், அது உலகத்திலேயே அதிகமாகப் பக்கம் திறப்பவர்களைத் தேடிப் பிடித்து வந்துவிடும். சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது.

அங்கே செய்தது இதுதான்: ஒவ்வொரு க்ளிக்கோடும் வரும் அடையாள எண்ணைப் படிவத்திலேயே சேமித்தோம். எந்த விசாரணை விற்பனையாக முடிந்தது என்று விற்பனைப் பிரிவு குறித்துத் தர, அதை விளம்பரக் கணக்கில் திரும்ப ஏற்றினோம். தொழில்நுட்பம் சுலபம். விற்பனைப் பிரிவை அந்த விவரத்தை நிரப்ப வைப்பதற்குத்தான் ஆள் மாற்றி ஆள் கெஞ்ச வேண்டியிருந்தது. அது நிரம்ப ஆரம்பித்த பிறகு, விசாரணை அதிகம் கொண்டுவந்த கேம்பெய்னும் விற்பனை கொண்டுவந்த கேம்பெய்னும் வேறு வேறு என்று தெரிந்தது. பட்ஜெட் இடம் மாறியது.

கடைசியாக, தன் பரிந்துரைகளை வைத்துக் கூகுள் கணக்குக்குத் தரும் மதிப்பெண்ணான ஆப்டிமைசேஷன் ஸ்கோர். அது 100 ஆகவில்லையே என்று அவ்வப்போது யாராவது பதறுவார்கள். பரிந்துரைகளில் பயனுள்ளவை உண்டு. பட்ஜெட்டைக் கூட்டு, கீவேர்டை பிராட் மேட்ச் ஆக்கு என்பவையும் உண்டு. ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டாததை டிஸ்மிஸ் செய்கிறேன். ஏற்றுக்கொண்டாலும் அந்த மதிப்பெண் ஏறும், தள்ளிவிட்டாலும் ஏறும்.