செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மட்டும் எழாத லேப்டாப்

ஜூலை 10ஆம் தேதி, காலை பதினொன்றரை மணி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக் கணக்கு, போடக் கடைசி நாள். சேலத்தில் நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் வெள்ளிப் பட்டறைகளில் இரண்டுக்கு பில்களே இன்னும் ஏறி முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்து லேப்டாப் மூடியைத் தூக்கினால் திரை கறுப்பாகவே நிற்கிறது. ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு மட்டும் மெதுவாக மின்னி மின்னி அணைகிறது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசைவில்லை. பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினேன். விசிறி ஒரு நொடி சுற்றியது, அடங்கிவிட்டது.

"ஏம்மா, இன்னுமா முழிக்கல?" என்றார் பட்டறைக்கார அண்ணன்.

வேறு வழி தெரியாமல் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்தேன். மேசையில் கிடந்த கூலிச் சீட்டுகளை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு மறுபடி போட்டேன், வந்துவிட்டது. எக்செல்லில் சேமிக்காமல் விட்டிருந்த நாற்பது வரி போனது போனதுதான். அந்த நாற்பது வரியில் நகை விற்பனையும் இருந்தது, கூலி வேலையும் இருந்தது. நகைக்கு 3 சதவீதம், கூலிக்கு 5 சதவீதம் வரி. சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துப் போட்டதை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அன்று இரவு வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதரை.

இதே தொல்லை ஜூன் பாதியிலிருந்தே இருந்தது. ஸ்லீப்புக்கு, அதாவது தூக்க நிலைக்கு, போன லேப்டாப் சில நேரம் எழாது. வாரத்தில் இரண்டு மூன்று முறை. சில நாள் அஸ்தம்பட்டியில் என் வீட்டில், சில நாள் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில். இதிலிருந்து வெளியே வர எனக்கு ஆறு வாரம் ஆனது. தப்பான வழியில் போனதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் என் நேரம் பெரும்பாலும் அங்கேதான் போனது.

முதலில் போனது பழுது பார்க்கும் கடைக்கு. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவர்கள் மேசையில் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆனாலும் மதர்போர்டு மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கண்ணால் பார்க்காத கோளாறுக்கு எப்படி போர்டு மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்லீப்ல இருந்து வரலைன்னா போர்டுதாங்க" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. 14,000 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நெட்டில் பார்த்ததையெல்லாம் ஒரே ராத்திரியில் செய்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன், பவர் பிளானை மாற்றினேன், யூஎஸ்பி அமைப்பை மாற்றினேன், பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி ஆனது. ஐந்தாறு மாற்றத்தை ஒன்றாகச் செய்ததால் எது உதவியது, எது உதவவில்லை என்று ஒன்றுமே தெரியவில்லை. கணக்கு ஒத்துவராதபோது பத்து என்ட்ரியை ஒரே நேரத்தில் திருத்த மாட்டேன். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போவதுதான் என் தொழில். அதையே இங்கும் செய்வோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன்.

நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து கட்டம் போட்டேன்: நேரம், இடம், சார்ஜர் போட்டிருந்ததா, எவ்வளவு நேரம் தூங்கியது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா. கடைசிக் கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். திரை கறுப்பாக இருக்கும்போது கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் இயந்திரம் விழித்துவிட்டது, திரைக்குத்தான் படம் வரவில்லை என்று பொருள். விளக்கு அசையாமல் இருந்தால் இயந்திரம் ஒன்று இன்னும் தூங்குகிறது, அல்லது உள்ளே சிக்கி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புத் திரைதான்.

பத்து நாளில் நோட்டில் ஏழு பதிவு சேர்ந்தது. வீட்டில் நடந்த மூன்றிலும் கேப்ஸ் லாக் எரிந்தது. பட்டறையில் நடந்த நான்கிலும் எரியவில்லை. அதைப் பார்த்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது இரண்டு நோய்.

வீட்டு நோய்க்கு மருந்து சீக்கிரம் கிடைத்தது. கேப்ஸ் லாக் எரிகிறதென்றால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேல், அதாவது திரையில் படம் காட்டும் மென்பொருள் மேல் போக வேண்டும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். அடுத்த முறை வீட்டில் கறுத்தபோது அழுத்தினேன். 'டிக்' என்று சத்தம் வந்தது, ஒரு நொடி கழித்துத் திரை வந்தது, திறந்திருந்த எக்செல் அப்படியே இருந்தது. அணைக்கவே தேவைப்படவில்லை. பிறகு லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த மாடலுக்கென்று கம்பெனி தளத்தில் இருக்கும் டிரைவரை இறக்கிப் போட்டேன். அதற்குப் பின் வீட்டில் ஒரு தடவைகூட வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிரைவர் மாற்றியபின் ஷட் டவுன் கொடுத்துப் போடாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடும் லேப்டாப்பில் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் இல்லை. விண்டோஸின் உள்பகுதியை டிரைவர்களோடு சேர்த்து டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

பட்டறை நோய் மட்டும் மிச்சம்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கான கொலுசு ஆர்டர்கள் குவிந்து பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பும் கூடவே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியது. அங்கே சோதனைக்கென்றே பன்னிரண்டு தடவை மூடித் திறந்தேன். ஐந்து நிமிடம் விட்டும், ஒரு மணி நேரம் விட்டும் பார்த்தேன். கரண்ட் போய் வந்தபோதும் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஈரமோ குளிரோ காரணமாக இருக்குமா என்றுகூடப் பார்த்தேன். பன்னிரண்டு தடவையும் மூடியைத் தூக்கியதும் எழுந்தது.

அக்கா மகனின் புது லேப்டாப்பையும் அப்போதே பார்த்தேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டில் பவர்-சி-எஃப்-ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் போட்டால் அந்த இயந்திரம் எந்த வகைத் தூக்கம் தூங்கும் என்று காட்டும். என்னுடையதில் எஸ்-3 என்று வந்தது. அதில் நினைவகத்துக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணைந்திருக்கும். அவனுடையதில் எஸ்-0 வந்தது. அது கைப்பேசி மாதிரி, திரையை அணைத்துவிட்டு உள்ளே லேசாக வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். பைக்குள் வைத்த லேப்டாப் சுடுகிறது என்று சிலர் சொல்வது இந்த வகையில்தான் அதிகம். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு பிறகு வைத்தியத்தைத் தேடுங்கள், பாதி அலைச்சல் மிச்சமாகும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய ராத்திரி, நோட்டை ஒரு பக்கமும் விண்டோஸ் பதிவுகளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்தால், விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் என்று இருக்கும். அதில் கெர்னல்-பவர் என்ற பெயரில் வருபவற்றை மட்டும் பார்த்தால் போதும். 41 என்ற எண் வந்தால் ஒழுங்காக நிறுத்தாமல் அணைந்திருக்கிறது. நான் பட்டனை அழுத்திப் பிடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு 41 இருந்தது. 42 வந்தால் தூங்கப் போகிறது, 107 வந்தால் எழுந்திருக்கிறது. 42ஐத் தொட்டால் ஏன் தூங்கப் போனது என்று காரணமும் இருக்கும். சும்மா விட்டதாலா, மென்பொருள் சொல்லியா, பட்டனாலா மூடியாலா என்று.

ஜூலை 10, பதினொன்றரை மணி. நான் பவர் பட்டனைத் தட்டிய நேரத்தில் ஒரு 107. நான்கு நொடியில் ஒரு 42. காரணம்: 'பட்டன் அல்லது மூடி'.

பட்டனை நான் இரண்டாவது தடவை தொடவே இல்லை. மூடி திறந்து கிடந்தது, நான் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மற்ற மூன்று நாளையும் எடுத்துப் பார்த்தேன். அதே 107, உடனே அதே 42, அதே காரணம். அப்படியானால் லேப்டாப் எழாமல் இல்லை. எழுந்திருக்கிறது, மூடி இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் தூங்கியிருக்கிறது.

மூடி மூடியிருப்பது அதற்கு எப்படித் தெரியும் என்று தேடினேன். பல லேப்டாப்பில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கீபோர்டு பக்கத்தில் அதற்கு நேராக ஹால் சென்சார் என்று ஒன்று இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடி மூடியது, விலகினால் திறந்தது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சென்சார் கெட்டுவிட்டதோ என்று முதலில் பயந்தேன். கெட்டிருந்தால் வீட்டிலும் ஏற்காட்டிலும் கெட்டுத்தானே இருக்க வேண்டும்? இந்த யோசனையோடுதான் மறுநாள் பட்டறைக்குப் போனேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மூடியைத் தூக்கினேன். கறுப்பு. விளக்கு மின்னுகிறது. நான் எதையும் தொடாமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் உள்ளிருந்து பெரியவர் வந்தார். அந்தப் பட்டறையில் முப்பது வருடமாக இருப்பவர். அரத்தால் ராவும்போது விழும் வெள்ளித்தூளை உருக்கப் போடுவதற்கு முன் சுத்தம் பண்ணுவது அவர் வேலை. அரத்திலிருந்தும் ரம்பப் பிளேடிலிருந்தும் உதிர்ந்த இரும்புத் துகள் அந்தத் தூளில் கலந்திருக்கும். அதைக் காந்தத்தால் இழுத்து எடுத்தால்தான் உருக்கும் வெள்ளி சுத்தமாக இருக்கும்.

"அந்தக் கல்லக் குடு கண்ணு" என்றார். நான் கொடுப்பதற்குள் அவரே கை நீட்டி, லேப்டாப்பின் இடது ஓரத்தை ஒட்டிக் கூலிச் சீட்டுகள் மேல் பாரமாக வைத்திருந்ததை எடுத்தார்.

திரை வந்துவிட்டது.

அவர் கையில் இருந்தது பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். உள்ளங்கை அகலம். பழுப்புக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ஒட்டிய இரும்புத்தூளைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, காகிதத்தை உருவினால் தூள் தானாக உதிர்ந்துவிடும் என்பதற்காக அந்தச் சுற்று. காகிதத்தில் சுற்றியிருந்ததால்தான் இத்தனை நாளும் அதை ஏதோ கல் என்றே நினைத்திருந்தேன்.

"ஐயா, அதை மறுபடி அங்கயே வைங்க" என்றேன். வைத்தார். மூடி திறந்தே இருக்க, திரை அணைந்தது, விளக்கு மின்னத் தொடங்கியது. எடுத்தார். வந்தது. வைத்தார். போனது. பட்டறைக்கார அண்ணனும் எழுந்து வந்து பார்த்தார். ஒரு ஜாண் தள்ளி வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. இடது மூலையில் இரண்டு விரல்கடைக்குள் வந்தால்தான் அணைந்தது. வலது பக்கம் ஒட்டி வைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நேரானது. நான் டீக்கோ சாப்பாட்டுக்கோ போகும்போதுதான் ஆட்கள் சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பாரமாக வைப்பார்கள். காந்தம் உள்ளே வேலையாக இருக்கும் நாளில் அரை ஓடு, சும்மா இருக்கும் நாளில் காந்தம். அதனால்தான் சில நாள் மட்டும் வந்தது. பவர் பட்டனைப் பிடித்து அணைத்துப் போட்டதும் சரியானது என்று இத்தனை வாரமாக நினைத்தேனே, அதுவும் அப்படி இல்லை. அணைத்துவிட்டுச் சீட்டுகளை எடுத்து அடுக்குவேன், அப்போது காந்தம் நகர்ந்துவிடும். நகர்ந்ததால்தான் வந்திருக்கிறது. எடுத்தவுடன் பொறுமையாகச் சீட்டை மட்டும் நகர்த்தியிருந்தால் அந்த நாற்பது வரியும் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மற்றதையும் சோதித்தேன். காந்த மூடி போட்ட கைப்பேசி உறையை அதே மூலையில் வைத்தேன், அணைந்தது. கைப்பையின் காந்தப் பொத்தானுக்கு அசையவில்லை. என் லேப்டாப்பைத் தம்பியின் மூடிய லேப்டாப் மேல் வைத்தால், சரியாக ஒரு இடத்தில் அணைந்தது. அலுவலகத்தில் இரண்டு லேப்டாப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேலை பார்ப்பவர்கள் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டறையில் காந்தம் உருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. என் சீட்டுகளுக்கு ஒரு பழைய பித்தளை அச்சைக் கொடுத்திருக்கிறார் அண்ணன். காந்தம் அதில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். அடுத்த ரிட்டர்னை ஆகஸ்ட் 9ஆம் தேதியே போட்டுவிட்டேன். நோட்டில் கடைசிப் பதிவு ஜூலை 28. அதற்கப்புறம் எழுத எதுவும் வரவில்லை, மீதிப் பக்கங்களில் சேதாரக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.