கூட்டுக்குக் கீழே முதலை: ஃப்ளோரிடா சதுப்பில் ஒரு பருவம்

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை இன்றிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் ஜாக்சன்வில்லிலிருந்து கிளம்பி செயின்ட் அகஸ்டின் போய்ச் சேரும்போது வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. அலிகேட்டர் பண்ணையின் பின்பக்கச் சதுப்பில் பெரிய வெள்ளைக் கொக்குகள் ஏற்கெனவே கூட்டில் உட்கார்ந்துவிட்டன.

இந்தப் பண்ணை 1893-இல் தொடங்கியது. அட்லாண்டிக் கரையோரம் அனஸ்டேசியா தீவில் இருக்கிறது. குளத்தில் கிடக்கும் அலிகேட்டர்கள் (ஒரு வகை முதலை) பண்ணையுடையவை. மேலே கிளைகளில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் காட்டுப் பறவைகள். வலை இல்லை, கூண்டு இல்லை, யாரும் அவற்றைக் கூப்பிடவும் இல்லை. தீவு முழுக்க மரம் இருக்கிறது. ஆனாலும் வருடாவருடம் நூற்றுக்கணக்கில் வந்து, முதலைகளுக்கு நேர் மேலேதான் முட்டையிடுகின்றன. இந்த முறை பருவம் முடியும்வரை இதைத் தொடர்ந்து எழுதப்போகிறேன்.

மரப்பாலத்தின் கைப்பிடியிலிருந்து எட்டித் தொடும் தூரத்தில் ஒரு ஜோடி. கண்ணுக்கும் அலகுக்கும் இடையில் உள்ள தோல் இந்தப் பருவத்தில் மட்டும் பளீர் பச்சையாக மாறும். முதுகிலிருந்து வாலைத் தாண்டித் தொங்கும் மெல்லிய இழைகளை ஆண் விரித்து நின்றது. பின்னால் வெயில் பட்டதும் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த இழைகளைத் தொப்பியில் செருகிக்கொள்ளத்தான் நூறு வருடத்துக்கு முன்பு கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள். அதைத் தடுக்கப் போன, கை பிராட்லி (Guy Bradley) என்ற காவலர் 1905-இல் ஃப்ளோரிடாவின் தென்கோடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று கேமராக்காரர்கள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் அந்தப் பெயர் ஒரு தடவையாவது சொல்லப்பட வேண்டும்.

மார்ச் 22, சனி

முதலைக்கு மேலே ஏன்? பதில் ரக்கூன்.

பூனையைவிடச் சற்றுப் பெரிய, முகமூடி போட்டதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள விலங்கு. மரம் ஏறும், நீந்தும், கையால் துழாவி முட்டையை எடுக்கும். கொக்குக் காலனிக்குள் இரவில் நுழைந்துவிட்டால் கூடு கூடாகக் காலி செய்யும். பெற்றோர் பறவைகளால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மூன்று இரவு இப்படி நடந்தால் மிச்சக் கூடுகளையும் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் பறந்துபோகும்.

சும்மா தண்ணீர் சூழ்ந்திருந்தால் போதாது, ரக்கூன் நீந்தி வந்துவிடும். தண்ணீரில் அலிகேட்டரும் இருக்க வேண்டும். கோட்டை அகழியில் முதலை விட்டு வைத்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

ஏப்ரல் 5, சனி

உறுமல் காலம் தொடங்கிவிட்டது. ஒரு பெரிய ஆண் தலையையும் வாலையும் தண்ணீருக்கு மேலே தூக்கி, மூச்சை இழுத்து உடம்பை உப்பவைத்தது. சத்தம் வருவதற்கு முன்பே அதன் முதுகின் மேல் தண்ணீர் துளித்துளியாக எழும்பித் துள்ளியது. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு அது. அப்புறம்தான் உறுமல். ஒன்று தொடங்கினால் குளம் முழுக்கப் பதில் சொல்லும். பலகையில் நின்ற என் பாதம்கூட அதிர்ந்தது. இரண்டு மீட்டர் உயரத்தில் அடைகாத்துக்கொண்டிருந்த கொக்கு கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

ஏப்ரல் 19, சனி

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். கூட்டிப்போனேன். பார்க்கக் கடினமான நாளாக அமைந்துவிட்டது.

பெரிய கொக்கு பெரும்பாலும் மூன்று முட்டையிடும். முதல் முட்டை வந்ததுமே அடைகாக்கத் தொடங்கிவிடும் என்பதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது ஓரிரு நாள் முந்திவிடும், அந்த வயதில் அது பெரிய வித்தியாசம். நாங்கள் பார்த்த கூட்டில் மூத்தது கடைக்குட்டியின் தலையில் கொத்திக்கொண்டே இருந்தது. மண்டையில் தூவி போய்ச் சதை தெரிந்தது. தாய்க் கொக்கு பக்கத்திலேயே நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா, அது அடிக்கிறதே, தாய் விலக்கிவிடாதா?” என்றாள் அம்மா.

“விலக்காதும்மா. மீன் நிறையக் கிடைத்தால் மூன்றும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் சின்னது போய்விடும்.”

கடைக்குட்டி கூட்டின் ஓரத்துக்கு ஒதுங்கியது. பிடி நழுவியது. ஒரு சுள்ளியில் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுக் கீழே விழுந்தது. தண்ணீரில் பாசிபோல மிதந்துகொண்டிருந்த தலை ஒன்று திரும்பியது, அவ்வளவுதான். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கொடூரமாகத் தெரிகிறது. ஆனால் விழுந்த குஞ்சு பெரும்பாலும் எப்படியும் பிழைக்காது. அதைக் கொடுத்து மற்ற கூடுகளுக்குக் காவல் கிடைக்கிறது. காவலுக்கும் லாபம் உண்டு. தென் ஃப்ளோரிடாவின் பெருஞ்சதுப்பான எவர்கிளேட்ஸில் கொக்குக் காலனிக்கு அடியில் வாழும் அலிகேட்டர்களையும், காலனி இல்லாத இடத்து அலிகேட்டர்களையும் பிடித்து அளந்து பார்த்து, காலனிக்காரர்கள் நல்ல சதைப்பிடிப்போடு இருப்பதாக லூகஸ் நெல், பீட்டர் ஃபிரெடரிக் குழுவினர் 2016-இல் எழுதினார்கள். வறண்ட மாதங்களின் கடைசியில், மற்ற இரை குறைந்த நேரத்தில் இந்த உணவு மேலிருந்து விழுகிறது.

இதை நட்பு என்று சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. கொக்கு தாழ்ந்து பறந்தால் அதையும் அலிகேட்டர் பிடித்துத் தின்னும். அலிகேட்டர் மரம் ஏறிச் சூறையாடாது, ரக்கூன் சூறையாடும். கொக்குக்கு அந்த வித்தியாசம் போதும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எவர்கிளேட்ஸ், அன்ஹிங்கா பாதை. நீண்ட பயணம், அம்மாவும் வந்தாள்.

வறட்சியின் உச்சம். புல்வெளி முழுக்கக் காய்ந்து கிடக்க, அங்கங்கே அலிகேட்டர் குழிகளில் மட்டும் தண்ணீர். மூக்காலும் காலாலும் வாலாலும் சேற்றைத் தள்ளித் தள்ளி அவையே ஆழப்படுத்தி வைத்திருப்பவை இவை. சுற்று வட்டாரத்து மீனெல்லாம் அங்கே ஒதுங்கும். அதைத் தின்னக் கொக்கு வரும், நாரை வரும், ஆமை வரும். கொக்கு வீட்டுக்கு எடுத்துப்போகும் மீனிலும் அலிகேட்டரின் உழைப்பு இருக்கிறது என்பதை இங்கே வந்துதான் கண்ணால் பார்க்க முடிகிறது.

எல்லாம் தண்ணீர் இறங்கும் வேகத்தில்தான் இருக்கிறது. மெதுவாக இறங்கினால் மீன் செறிந்து குஞ்சுக்கு உணவு கிடைக்கும். நடுவில் பெருமழை பெய்தால் மீன் சிதறிவிடும், கொக்குகள் கூட்டைக் கைவிடும். ரொம்ப வேகமாக வற்றினால் மரத்தடி காய்ந்துவிடும். அலிகேட்டர் குழிக்குப் போய்விடும், ரக்கூன் நடந்தே வரும். இருபதாம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி, கரை போட்டு, 1928-இல் தமியாமி சாலையைக் குறுக்கே இழுத்து இந்தத் தண்ணீரின் நடையையே மாற்றிவிட்டார்கள். அதைச் சரிசெய்யும் பெருந்திட்டத்துக்கு 2000-இல்தான் சட்டம் வந்தது. தண்ணீர் ஒத்துழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 சாட்சி: தென் ஃப்ளோரிடாவில் 1,38,000-க்கும் மேற்பட்ட கூடுகள்.

இன்னொன்றும் கவலை தருகிறது. எவர்கிளேட்ஸின் தென்பகுதியில் பர்மிய மலைப்பாம்பு பெருகியபின் ரக்கூன் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. கொக்குக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மலைப்பாம்பும் நீந்தும், மரமும் ஏறும், பறவையையும் தின்னும். அலிகேட்டர்களையே விழுங்கிய மலைப்பாம்புகளும் இங்கே உண்டு.

மே 24, சனி

மறுபடி செயின்ட் அகஸ்டின். சின்ன வெள்ளைக் கொக்குகள் சுள்ளிக்குச் சண்டை போட்டன. மூக்கின் மேல் குச்சியோடு ஓர் அலிகேட்டர் அசையாமல் மிதந்தது. பக்கத்தில் நின்றவர், “கொக்கை ஏமாற்றத்தான் வைத்திருக்கிறது” என்று அடித்துச் சொன்னார்.

அந்தக் கருத்தின் தொடக்கம் நம் ஊரில். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடு கட்டும் இடத்துக்கு அடியில் சதுப்பு முதலைகள் மூக்கில் குச்சியோடு கிடந்ததை 2007-இல் முதலை ஆய்வாளர் விளாடிமிர் டினெட்ஸ் பார்த்தார். பிறகு இதே செயின்ட் அகஸ்டினிலும் பார்த்து, கூடு கட்டும் காலத்தில்தான் இது அதிகம் என்று எழுதினார். ஆனால் பின்னால் வேறு இருவர் அலிகேட்டர் குளங்களில் குச்சிகளைப் போட்டுச் சோதித்தபோது, பறவையைப் பிடிக்கும் ஆசையில்தான் அவை மூக்கில் குச்சியை ஏற்றுகின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கூடு கட்டும் காலத்தில் குளம் முழுக்க விழுந்த சுள்ளிதான், ஒன்றிரண்டு மூக்கில் ஒட்டத்தான் செய்யும். இன்று ஒரு மணி நேரம் பார்த்தேன், எந்தக் கொக்கும் அந்தக் குச்சியைத் தொடவில்லை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வரவில்லை.

ஜூன் 14, சனி

கரண்டிவாயன் குஞ்சுகள் சிறகு அடித்துப் பழகுகின்றன. நாரைக் குஞ்சுகள் (நம் மஞ்சள்மூக்கு நாரையின் நெருங்கிய உறவு) பெற்றோர் உயரம் வந்துவிட்டன. மாலையில் இடி மழை, பாதியில் திரும்பினோம்.

ஆகஸ்ட் 30, சனி

கெய்ன்ஸ்வில் அருகே பெய்ன்ஸ் புல்வெளி. இப்போது முறை அலிகேட்டருடையது. ஜூன் கடைசியில் செடி கொடியைக் குவித்து மேடு கட்டி 30 முதல் 50 முட்டை வரை இடும். அழுகும் செடியின் சூடுதான் அடைகாக்கிறது. சூடு 30 டிகிரியை ஒட்டி இருந்தால் பெண், 33 டிகிரி அளவில் பெரும்பாலும் ஆண். சுமார் 65 நாளில் உள்ளிருந்து குரல் கேட்டதும் தாய் மேட்டைப் பிரித்து, குஞ்சுகளை வாயில் எடுத்துத் தண்ணீரில் விடும்.

கரையோரம் மஞ்சள் பட்டை போட்ட ஒரு சாண் குஞ்சுகள் ‘ம்யாவ்’வுக்கும் குலைப்புக்கும் நடுவான குரலில் கத்திக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒரு பெரிய நீல நாரை, முழங்கால் தண்ணீரில். அது குனிந்தது தெரியவில்லை, நிமிர்ந்தபோது அலகில் ஒரு குஞ்சு நெளிந்தது. தாய் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. நாரை மேலெழுந்து எதிர்க்கரையில் இறங்கி, குஞ்சைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. தாய் திரும்பி வந்து குஞ்சுகளுக்கும் கரைக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. ஒரு வருடமோ அதற்கு மேலுமோ அது அவற்றோடு இருக்கும்.