ஒற்றைக் கையும் கோட்டும்: துப்பாக்கி மாற்றிச் சுட்ட ஏழு வாரங்கள்

மதுரையில் நான் போய்வரும் சுடுதளத்தில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்பார்கள். ரைஃபிள்காரர்களான நாங்கள் உள்சுவரை ஒட்டிய வரிசைகளிலும், பிஸ்டல்காரர்கள் வாசலை ஒட்டிய வரிசைகளிலும் நிற்பது யார் சொல்லி ஏற்பட்ட வழக்கமோ தெரியாது. நாங்கள் அவர்களை 'ஒத்தைக் கை' என்போம். அவர்கள் எங்களைக் 'கோட்டு' என்பார்கள். நாங்கள் அணியும் விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட்டுக்கு அந்தப் பெயர். ஐந்து ஆண்டுகளாக நான் கோட்டுக் கட்சி. இந்தக் கோடையில் ஏழு வாரம் எதிர்க்கட்சிக்குப் போய்வந்தேன். அப்போது எழுதிவைத்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

காரணம் ஒரு தேநீர்க்கடைப் பேச்சு. பிஸ்டல் வரிசையில் காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றே கூப்பிடுவோம். 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 (ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9) எடுத்துத் தங்கம் வென்றதை நான் எடுத்துவிட்டால், அவர் 2024 இல் பாரிசில் மனு பாக்கர் பிஸ்டலில் வாங்கிய இரண்டு வெண்கலங்களை எடுத்து வைப்பார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிள்காரர் என்று நான் உள்ளூர்ச் சீட்டைப் போட்டால், "தம்பி, அந்தக் கோட்டைக் கழட்டி வச்சிட்டு ஒத்தக் கையில ஒரு நாள் சுட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இலக்கின் அளவைப் பற்றியது. ரைஃபிள் இலக்கில் பத்தாம் புள்ளி வெறும் 0.5 மி.மீ., அதாவது நாங்கள் சுடும் 4.5 மி.மீ. பெல்லட்டைவிட, அதாவது ஈயக் குண்டைவிடச் சிறியது, பிஸ்டலின் பத்தாம் வட்டமோ 11.5 மி.மீ. அகலம். எங்களுக்கு 2.5 மி.மீ. விலகினால் ஒரு புள்ளி போய்விடும், அவர்களுக்கு 8 மி.மீ. வரை இடமிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நான் வென்றதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒப்பந்தம் ஆனது. ஏழு வாரத்துக்கு அவர் என் ரைஃபிளை எடுத்துக்கொள்வார், நான் அவருடைய பிஸ்டலை எடுத்துக்கொள்வேன். தொடக்கத்திலும் முடிவிலும் 60 குண்டு, 75 நிமிடம், போட்டி விதிப்படி. அதற்கு முன் ரைஃபிளில் என்னுடைய சிறந்த எண் 571.3.

முதல் நாள் பிஸ்டலில் எனக்குக் கிடைத்தது 421. சராசரி ஏழுதான். அதைவிட வெட்கமாக இருந்தது குண்டுகள் விழுந்த விதம்: இலக்கின் கீழ் இடப்பக்கம் எட்டுப் பத்து குண்டுகள் கொத்தாகக் கிடந்தன. வலக்கைக்காரன் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு அங்கேதான் போகும் என்பது பிஸ்டல் வரிசையில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். எனக்கு அது ஏன் ஐந்து ஆண்டுகளாகத் தெரியாமல் போயிற்று என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ரைஃபிள் ஏறக்குறைய ஐந்து கிலோ. அதன் விசையை இழுக்கத் தேவைப்படும் எடைக்கு விதிப்படி குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லாததால், நான் வைத்திருந்தது 80 கிராமுக்கும் குறைவு. பிஸ்டலின் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் விசை 500 கிராமாவது தாங்கவேண்டும் என்பது விதி. துப்பாக்கியின் எடையில் பாதியளவு விசையை, எங்கும் ஊன்றாத ஒற்றைக் கையின் ஒரு விரலால், மற்ற நான்கு விரல்களுக்குச் செய்தி போகாமல் இழுக்கவேண்டியிருக்கிறது. ரைஃபிளிலும் நான் அதே வெடுக்கைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஐந்து கிலோ எடையும், இடுப்பெலும்பில் ஊன்றிய இடமுழங்கையும், முதுகைத் தாங்கும் கோட்டும் அதை விழுங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் பெல்லட்டைத் தொடவே இல்லை. ஐயாவின் யோசனைப்படி, துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்துக்கொண்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறும் விசைப் பயிற்சி மட்டும் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் செய்தேன். இலக்கு இல்லாத சுவரில் கண் போக வேறு இடமில்லாததால், குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் முன் சைட்டிலேயே நின்றுவிடுகிறது. இங்கேதான் என் பழக்கம் தலைகீழானது. ரைஃபிளில் பின்துளை வழியாகப் பார்த்து முன்வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டத்தை நடுவாக வைப்பதில் கண் எல்லாவற்றையும் ஓரளவு தெளிவாகக் காண்கிறது. பிஸ்டலிலோ கறுப்பு மங்கலாகத்தான் தெரியவேண்டும், முன் சைட்டும் பின் சைட்டின் பள்ளமும் மட்டுமே கூர்மையாக இருக்கவேண்டும். கை முழுவதும் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் அந்த 5 மி.மீ.தான் நகரும், அது பத்துக்குள்ளேயே அடங்கும். ஆனால் மணிக்கட்டு திரும்பி, பின்பள்ளத்தில் முன் சைட் 1 மி.மீ. விலகினால், இரண்டுக்கும் இடையே 33 செ.மீ. அளவே இருப்பதால், 10 மீட்டர் தள்ளி அந்தப் பிழை 30 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட நான்கு வட்டம். ஆகவே கை ஆடுவதைப் பற்றிப் பிஸ்டல்காரர் கவலைப்படுவதில்லை. அந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டு, சைட் கலையாமல் விசையை இழுத்து முடிக்கிறார். ஆட்டமே கூடாது என்று பழகிய எனக்கு இதை ஒப்புக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது.

நான்காம் வாரம் 463. அதற்கு மேல் ஏறாததற்குக் கண் காரணமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் கைநீளத்தில் இருக்கும் முன் சைட் லேசாகக் கரைந்து தெரிகிறது. கண் மருத்துவத்துக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு இதற்குக்கூட ஒரு மாதம் தாமதித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சுடும் கண்ணுக்கு வழக்கமான பவருடன் கூட்டல் 0.75 சேர்த்து ஒரு வில்லை போட்ட பிறகு, இலக்கு இன்னும் மங்கி, முன் சைட்டின் விளிம்பு பிளேடு போல நின்றது. அடுத்த வாரம் 481.

இதற்கிடையில் ஐயா என் கோட்டுக்குள் படாத பாடு பட்டார். அவர் என்னைவிட ஒல்லி. பொத்தான்களை உள்ளே தள்ளித் தைத்தும் தோளில் தொளதொளத்தது. மே மாத மதுரையில், மின்விசிறிக் காற்று மட்டும் உள்ள அறையில், அந்தக் கேன்வாஸுக்குள் 75 நிமிடம் நிற்பது என்ன என்பதை நான் அவருக்கு விளக்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. முதல் நாள் அவர் எடுத்தது 512.4. பழக்கதோஷத்தில் தோள்பட்டைத் தசையால் ரைஃபிளைத் தூக்கிப் பிடித்தார், இருபதாவது குண்டுக்குள் சோர்ந்துவிட்டார். எலும்பின் மேல் எடையை அடுக்கவேண்டும் என்பதையும், கண்ணை மூடி நின்று பிறகு திறந்து பார்த்து, இலக்கைவிட்டு விலகியிருந்தால் கையால் தள்ளாமல் பாதத்தை நகர்த்தவேண்டும் என்பதையும் நான் சொன்னபோது, ஒரு வாரம் அவர் நம்பவில்லை. "இது நிக்கிறதுக்கான வித்தை தம்பி, சுடுறதுக்கானது இல்ல" என்றார். அடுத்த ஞாயிறு, யாரும் கேட்காமலே, "நிக்கிறது லேசு இல்ல" என்று திருத்திக்கொண்டார்.

எங்கள் இரு கட்சியையும் சேர்த்துக் கேலி செய்ய மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் வெளியூர் போய்க் கிளே, அதாவது காற்றில் எறியும் தட்டுகளைச் சுடுகிறவர். 12 போர் துப்பாக்கியால், மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பறக்கும் 110 மி.மீ. தட்டை உடைப்பவர்களுக்கு நாங்கள் எல்லோருமே தபால்தலை ஒட்டுகிறவர்கள். 2004 இல் ஏதென்சில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளி வாங்கியதும், நம் பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போனதும் அவருடைய சீட்டுகள். இரண்டு கண்ணும் திறந்திருக்கவேண்டும், தட்டைத்தான் பார்க்கவேண்டும், விசையை இழுத்த பிறகும் குழல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்பார். ஒவ்வொன்றும் எங்கள் பாடத்துக்கு நேர் எதிர். அதை நான் வெறும் வாய்ப்பேச்சாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வாரம் ஒரு மாலை, குடும்பத்தோடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனபோது பலூன் சுடும் கடை முன் மகள் நிறுத்திவிட்டாள். நடுவில் மடித்து நிரப்பும் சுருள்வில் துப்பாக்கி. விசையை விட்டதும் உள்ளே தண்டு ஓடி முன்னும் பின்னும் உதறும். எங்கள் போட்டித் துப்பாக்கிகளில் உருளையில் அடைத்த அழுத்தக் காற்று, உதறலே கிடையாது. காற்றில் பலூன்கள் ஆடின. நான் முறைப்படி நின்று, மூச்சை அடக்கி, பலூன் நிற்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, பத்தில் ஆறு. கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது நிக்காது, நீங்க அது கூடவே போங்க. இந்தத் துப்பாக்கி கொஞ்சம் வலது தள்ளும், அதையும் பாத்துக்கங்க" என்று சொல்லி, தானே வாங்கி, இரண்டு கண்ணையும் திறந்தபடி தோளில் வைத்த மறுநொடி சுட்டார். ஐந்துக்கு ஐந்து. கிளே நண்பர் சொன்னதை அப்படியே செய்துகாட்டிய அவர், எந்தச் சங்கத்திலும் சேர்ந்தவர் அல்லர். தன் துப்பாக்கியின் கோணலை அவர் அறிந்திருந்த அளவுக்கு என் துப்பாக்கியை நான் அறிந்திருக்கிறேனா என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. மகளுக்கு ஒரு சீப்பு பரிசாகக் கிடைத்தது.

ஏழாம் வாரம் முடிவுக் கணக்கு. பிஸ்டலில் எனக்கு 497. கீழ் இடப்பக்கக் கொத்து மறைந்து, தவறுகள் எல்லாப் பக்கமும் சிதறியிருந்தன. ஐயா அதைப் பார்த்து, "இப்பத்தான் நேர்மையாத் தப்பு பண்றீங்க" என்றார். ரைஃபிளில் அவருக்கு 548.9. மறுவாரம் என் ரைஃபிளுக்குத் திரும்பியபோது முதல் நாள் 566, துப்பாக்கி லாரி போலக் கனத்தது. விசையை 80 கிராமுக்கும் குறைவிலிருந்து 120 ஆகக் கூட்டிக்கொண்டேன். விரல் என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. மூன்றாவது வாரம் 578.2 வந்தது.

இப்போதும் அவர் வாசல் வரிசையில், நான் உள்சுவர் வரிசையில். 11.5 மி.மீ. வாதத்தை நான் எடுப்பதில்லை. அவர் கோட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை, ஆனால் வாரம் ஒரு நாள் அதை இரவல் கேட்கிறார்; பொத்தான்களைப் பழைய இடத்துக்கு மாற்றித் தைக்கவேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன், கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.