ஒரு எம்.புக் நகலுக்காக நான்கு மாதம்

எங்கள் தெருவுக்குப் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை, ஜல்லி பல்லைக் காட்டுகிறது. அதுவும் தெருக்கோடி வரை வராமல் கடைசி மூன்று வீட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கவுன்சிலரிடம் கேட்டால், "ஃபண்டு அவ்வளவுதான் சார்". சரி, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு) போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் மனுவில் நான் செய்தது முழுத் தப்பு. ஏன் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன் ஒரு வருடத்தில் பெயர்ந்தது, யார் பொறுப்பு என்று வயிற்றெரிச்சலையெல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்குக் கொட்டியிருந்தேன். பேரூராட்சியிலிருந்து 29ஆவது நாள் ஒரே வரியில் பதில்: "மனுதாரர் கோருவது தகவல் அல்ல, விளக்கம்." கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. 2005 சட்டத்தின் பிரிவு 2(எஃப்) சொல்லும் தகவல் என்பது ஏற்கெனவே கோப்பில் இருப்பது மட்டும்தான், நமக்காக யாரும் உட்கார்ந்து காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றமும் 2011இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் இதையேதான் சொன்னது. மாணவர்கள் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று வழிவிட்டதும் அதே தீர்ப்புதான்.

இரண்டாவது மனுவில் 'ஏன்' ஒன்றுகூட இல்லை. மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்.புக்கில் (முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) இந்த வேலைக்கான பக்கங்கள், காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பில். நான்கே வரி. கூடவே பிரிவு 2(ஜே)யின்படி ஆவணங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. (அதே பிரிவில் போட்ட பொருளின் மாதிரி எடுத்துத் தரச் சொல்லியும் கேட்கலாம், இது பலருக்குத் தெரியாது.) கட்டணம் பத்து ரூபாய், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கோர்ட் வாசலில் அந்தப் பத்து ரூபாய் ஸ்டாம்பைப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினேன், அதற்கு எந்தப் பிரிவில் மனு போடுவது என்று தெரியவில்லை.

முப்பது நாள் ஆயிற்று, சத்தமே இல்லை. அப்படி இருந்தால் மறுத்ததாகத்தான் அர்த்தம், அடுத்த முப்பது நாளுக்குள் பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு போட்டுவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. போட்டு இரண்டு வாரத்தில் போன் வந்தது. "சார், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) சொல்கிறது, ஆனாலும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. "தெரிஞ்சுக்கத்தான்" என்று முடித்துக்கொண்டேன். நேரில் வரச் சொன்னார்கள்.

போனால், பதினான்கு பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ரூபாய் வீதம் இருபத்தெட்டு ரூபாய் கட்டச் சொன்னார்கள். கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6)ஐக் காட்டினேன். டீச்செலவுக்குக்கூட ஆகாத காசு, விட்டிருக்கலாம்தான், அன்றைக்கு விட மனசு வரவில்லை. கிளார்க் முகம் சுளித்தாலும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

எம்.புக் என்றால் என்னமோ ஏதோ என்று நினைத்திருந்தேன். பழைய கணக்கு நோட்டு மாதிரி நீல பால்பென்னில் நீளம், அகலம், கனம், அவ்வளவுதான். நீளம் 142 மீட்டர், அகலம் 3, கனம் 0.15. 142இல் உள்ள நான்கு மட்டும் திருத்தி எழுதியது, பக்கத்தில் யாரோ சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பையனை மறுமுனையில் நிறுத்தி முப்பது மீட்டர் டேப்பால் இரண்டு தடவை அளந்தோம். 119. குறைவது 23 மீட்டர், பத்து கன மீட்டருக்கு மேல் கான்கிரீட். நாங்கள் அளந்தது தப்பாகவே இருக்கட்டும், இருபத்து மூன்று மீட்டர் தப்பாகுமா?

நகல்களை இணைத்து மேலதிகாரிக்குப் புகார் கொடுத்தேன். அது ஆர்டிஐ இல்லை என்பதால் முதல் வரியே 'ஏன்' என்றுதான் ஆரம்பித்தேன். கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஓவர்சீயர் கையில் டேப்போடு வந்தார், தெருக்கோடியில் நின்று கால் மணி நேரம் போனில் பேசினார், அளக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.