லட்சுமி படம்: புள்ளி தேறிவிட்டது, ஓரம்தான் காலை வாரியது

ஒருவழியாக நான் வாங்கிய பழைய லட்சுமி படம் கல் அச்சுதான் (கல்லில் வரைந்து, மை பூசி, நிறம் நிறமாகத் தாளில் ஒற்றியெடுத்தது) என்று முடிவாகிவிட்டது. ரவி வர்மாவின் லட்சுமி: தாமரை மேல் நான்கு கையோடு நிற்பவள், பக்கத்தில் மாலை தூக்கிய யானை. வாங்கும்போது விற்றவர் “நூறு வருஷத்து ஒரிஜினல்” என்று சத்தியம் செய்தார். இந்தச் சத்தியத்தை எல்லாப் படத்துக்கும் செய்வார்கள், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

சட்டத்தின் கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்தால் லூப் (புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ்) குவியாது. சட்டத்தைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றியதும் அடுத்த தலைவலி, வார்னிஷ். ஒலியோகிராஃப் எனப்படும் இந்த வகைக் கல் அச்சுகள் மேல், எண்ணெய் ஓவியம் மாதிரித் தெரியட்டும் என்று பூசியது. லூப்பிலேயே இருக்கும் எல்.இ.டி.யைப் போட்டால் வெள்ளைப் பளபளப்பு தவிர ஒன்றும் தெரியாது. அதை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் படத்தின் தளத்தோடு தளமாக, கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். கன்னத்துப் புள்ளிகள் அப்போதுதான் துலங்கின.

கன்னம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. புடவையையும் வானத்தையும் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கல்லில் வரைந்தவர்களின் கைத்திறன் முழுக்கத் தோல் நிறத்தில்தான் இறங்கியிருக்கும். என் படத்தில் மூக்கின் நிழலில் ஒரு வெளிர் நீலச்சாம்பல், அதன் மேல் இளஞ்சிவப்பு, அதற்கும் மேல் பழுப்பு. ஒவ்வொன்றும் தனிக் கல், தனி மை. புள்ளிகள் கையால் வைத்தவை என்பதால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. இடைவெளிக்கும் ஒழுங்கு கிடையாது, ஆனால் கன்னத்தின் வளைவோடு வளைந்து போகின்றன. உதட்டோரத்தில் சிவப்புக் கல் மயிரிழை விலகி, அடியில் இருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது.

ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் சேர்ந்து பூப்போலத் தெரியும் அமைப்புதான் ரோசெட். “ரோசெட் இல்லை, அதனால் பழசு” என்று முடித்துவிடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ரோசெட் இல்லாத புதுசுகள் ஏராளம். இன்க்ஜெட்டில் எடுத்த நகலிலும் புள்ளி தாறுமாறாகத்தான் விழும். வித்தியாசம் இதுதான்: இன்க்ஜெட் புள்ளி எல்லாம் ஏறக்குறைய ஒரே பொடி அளவு, வெளுத்த இடத்திலும் நீலமும் மெஜந்தாவும் தூவியிருக்கும். கல் அச்சில் ஒரு நிறம், கல் மயிரிழை விலகினாலும், தனக்கு வரைந்த இடத்தில் மட்டும்தான் இருக்கும். இன்னொரு ஏமாற்று இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பழைய ஒலியோகிராஃபையே படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்தால், 10 மடங்கு லூப்பில் கைப்புள்ளி அச்சு அசலாகத் தெரியலாம். 30 மடங்குக்குப் போனால் அந்தக் கைப்புள்ளிகளே குட்டிக் குட்டி அச்சுப்புள்ளிகள் போட்ட கோலம் என்பது தெளிவாகத் தெரியவரும். 10 மடங்கோடு நிறுத்துகிறவர் அங்கே கவிழக்கூடும். என் லட்சுமியை 30-இலும் பார்த்தேன், புள்ளிக்குள் மை ஒரே நிறமாக நிற்கிறது.

அப்புறம் யு.வி. (புற ஊதா) டார்ச். தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் யு.வி.யில் நீலமாக மின்னும்; அது 1950 வாக்கில்தான் பரவலானது, அதனால் பழைய தாள் மங்கலாகவே இருக்க வேண்டும். இதில் 395 நானோமீட்டர் டார்ச் வாங்கிவிடாதீர்கள். அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். 365 விலை கூடத்தான், பரவாயில்லை. முன்பக்கம் வார்னிஷ் குழப்பும், பின்பக்கத்தில் அடியுங்கள். என்னுடையது பின்னால் அழுக்கு மஞ்சளாகவே கிடந்தது.

சரி, கல் அச்சு. எந்த ஊர் அச்சு? அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ரவி வர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கி, சில வருஷங்களில் லோணாவ்ளா பக்கம் மலவ்லிக்குப் போனது. பிறகு ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் வாங்கி நடத்தினார். கீழ் ஓரத்து வரியில் பம்பாய் என்று இருக்கிறதா, மலவ்லி பக்கத்துக் கார்லா–லோணாவ்ளா என்று இருக்கிறதா என்று பார்த்தால் காலம் ஓரளவு பிடிபடும். அந்த ஓரத்தைத்தான் எந்தக் காலத்திலோ ஒரு ஃபிரேம் கடைக்காரர் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கத்தரித்துவிட்டார்! சில எழுத்துகளின் தலை மட்டும் மிச்சம். வளைவு ஒன்று, செங்குத்துக் கோடு இரண்டு. இதை வைத்து எந்த ஊரையும் படித்துக்கொள்ளலாம் என்பதால் நான் எதையும் படிக்கவில்லை. படத்தின் வழக்கமான அளவு 20-க்கு 14 அங்குலம் என்பதை வைத்தும் பயனில்லை, நான்கு பக்கமும் வெட்டு.

அச்சகமே 1972-இல் எரிந்துபோனதால், ஓரம் வெட்டாத இதே லட்சுமி இன்னொன்று கிடைத்து எழுத்துத் தலைகளை ஒத்துப் பார்த்தால்தான் உண்டு. யாரிடமாவது இருந்தால் கீழ் ஓரத்தை மட்டும் நேராக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும்.

திரும்பச் சட்டம் போடுவதும் பாக்கி. பழைய பலகையின் மரவரி தாளின் முதுகில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. தாளைப் பழுப்பாக்காத, ஆசிட் இல்லாத போர்டு கேட்டால் கடையில் சாதா மவுண்ட் போர்டையே எடுத்து நீட்டி “இதுவும் அதேதான்” என்கிறார்கள். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான்.

அது வருவதற்குள் மேஜையில் ஒரு முருகன் ஏறியாயிற்று. கோவில்பட்டி கொண்டையராஜு பாணி காலண்டர் படம். சிவகாசி ஆஃப்செட் என்றால் இங்கே கணக்கு தலைகீழ், ரோசெட் இருந்தால்தான் சரி. 30 மடங்கில் வேல் முனையை இன்னும் பார்க்கவில்லை, மயில் கழுத்தில் ரோசெட் ஜோராக இருக்கிறது.